'கார் வந்துட்டா அண்ணாச்சி?' - தூத்துக்குடி டீக்கடையில் 14 மாதக் காத்திருப்பு!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த டீக்கடைக்கு முதல் ஆளாக வந்து நிற்பது ஒரு வெள்ளை நிற கான்டெஸா கார்தான். நீளமான பானெட், சதுரமான உடம்பு, கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம். அதிலிருந்து இறங்குகிறவருக்கு 2023-ல் வயது 66. யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டீ போடுகிறவர் முதல் பாலிடெக்னிக் மாணவர் வரை எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'.

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்ப்பவர், லாரி புரோக்கர், உப்பு வியாபாரியின் மகன், இரண்டு கல்லூரிப் பையன்கள். அண்ணாச்சியின் மகளும் வருவார். துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களுக்குச் சுங்கத்துறைப் பேப்பர் வேலை செய்யும் ஆபீஸில் அவருக்கு வேலை. இவர்களைச் சேர்த்து வைத்திருப்பது கார் பேச்சு. கையில் டீ வந்ததும் அந்தப் பேச்சு தொடங்கிவிடும்.

அந்த ஆண்டு ஜனவரியில் ஒரு ஞாயிறு. மகள் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் நடந்த ஆட்டோ எக்ஸ்போவில் சீன நிறுவனமான பி.ஒய்.டி, 'சீல்' என்ற எலெக்ட்ரிக் செடானை நிறுத்தியிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தியாவில் விற்பனைக்கு வரும் என்றும் செய்தி.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "எந்த வீலு இழுக்குது?"

"இழுக்கலப்பா... தள்ளுது. மோட்டார் பின்னாடி இருக்கு. ரியர் வீல் டிரைவ்!"

அவ்வளவுதான். அன்றிலிருந்து அடுத்த 14 மாதங்கள், அந்த டீக்கடையில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்விதான்: "கார் வந்துட்டா அண்ணாச்சி?"

*பின்னால் இருந்து தள்ளினால் என்ன?*

எந்தச் சக்கரம் சுற்றினால் என்ன, வண்டி ஓடினால் போதாதா? கல்லூரிப் பையன்களில் ஒருவருக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி அண்ணாச்சி அதற்குப் பதில் சொன்னார். அன்றைக்குப் பனிமய மாதா பேராலயத்தில் தங்கத் தேர் பவனி. 2013-க்குப் பிறகு, பத்து ஆண்டுகள் கழித்து அன்றுதான் தங்கத் தேர் வெளியே வந்தது. ஊரே தெருவில் நின்றது.

கூட்டத்தில் நின்றபடியே அவர் சொன்னார்: "வடம் பிடிக்கவன் முன்னாடி நின்னு இழுக்கான் பாத்தியா? இழுக்கவனே தேரைத் திருப்பவும் செய்யணும்னா அவனுக்கு ரெட்டை வேலைலா? அதுதான் இப்போ வாற கார்ல முன் வீலுக்கு இருக்குற பாடு. நெல்லையப்பர் தேர்ல பின்னாடி நெம்பு போட்டுத் தள்ளுவாங்க. அந்த மாதிரி தள்ளுற வேலைய பின் வீலுக்குக் குடுத்துட்டா, முன் வீலு திரும்புறத மட்டும் பாத்துக்கிடும். ஸ்டீயரிங் கையில சுத்தமா பேசும்."

கார் பிரியர்கள் பின்சக்கர இயக்கத்தை விரும்புவதற்குக் காரணம் இதுதான். வண்டி வேகமெடுக்கும்போது அதன் எடை பின்பக்கம் சாயும். அந்த நேரத்தில் பின் டயர்தான் ரோட்டை அழுத்திப் பிடிக்கும். தள்ளும் வேலை அந்த டயரிடமே இருந்தால், முதுகில் கைவைத்து யாரோ தள்ளுவது போன்ற ஓர் உணர்வு ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும்.

நம் ஊரில் ஒரு காலத்தில் எல்லா செடானும் இப்படித்தான் ஓடின. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கான்டெஸா மூன்றுமே பின்சக்கர இயக்கம்தான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்தக் கணக்கை மாற்றியது. என்ஜினையும் இயக்கத்தையும் முன்பக்கமே முடித்துவிட்டால், வண்டிக்கு அடியில் பின்பக்கம் வரை ஓடும் நீள ஷாஃப்ட் தேவையில்லை. எடையும் செலவும் குறையும். பின் சீட்டில் நடுவில் உட்காருபவரின் காலுக்கு இடையில் மேடும் இருக்காது. குடும்பங்களுக்கு அது லாபம்தான். 2014-ல் அம்பாசடர் தயாரிப்பு நின்றதும், பின்சக்கர செடான் என்பது பி.எம்.டபிள்யூ, பென்ஸ் வாங்குகிறவர்களின் சமாச்சாரமாகிவிட்டது.

எலெக்ட்ரிக் கார் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. மோட்டாரைப் பின் அச்சிலேயே வைத்துவிடலாம். ஷாஃப்ட் வேண்டாம், மேடும் வேண்டாம். பேட்டரி அடியில் பரந்து படுத்துக்கொள்ளும்.

*1985-ல் ஒரு காத்திருப்பு*

அண்ணாச்சிக்கு இது முதல் காத்திருப்பு இல்லை. 1985-ல் அவருக்கு 28 வயது. ஓர் உப்பள முதலாளியிடம் டிரைவர் வேலை, அம்பாசடர் வண்டி. வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைக் கொண்டுவருகிறது என்ற பேச்சு தூத்துக்குடி வரைக்கும் வந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் அதே உடம்பு. அதுவரை அம்பாசடரையும் பியட்டையும் மட்டுமே பார்த்த கண்களுக்கு அது சீமையிலிருந்து இறங்கிய ராஜகுமாரன். அதுவும் நம் மாநிலத்திலேயே தயாராகும் பின்சக்கர கார்!

முதலாளி பத்திரிகைப் படத்தை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். டிரைவரும் அதை ஒரு நாளைக்கு நான்கு தடவை பார்த்துக்கொண்டார்.

கார் வந்தது. இருவரும் ஓட்டிப் பார்த்தார்கள். பார்க்க ராஜகுமாரன்தான், ஆனால், உள்ளே இருந்தது பழைய வேன்கார்டு காலத்து என்ஜினின் வழிவந்த 1,991 சி.சி என்ஜின். 83 குதிரைசக்தி. அந்தப் பெரிய உடம்பை இழுக்க அது திணறியது. விலையும் அதிகம். "உடம்பு சீமை, உசுரு பழசு" என்று முதலாளி சொன்ன ஒரு வரி அண்ணாச்சிக்கு இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது. முதலாளி அதை வாங்கவில்லை, கான்டெஸா வாங்கினார். ஸ்டாண்டர்டு 2000 தயாரிப்பு 1988-ல் நின்றுபோனது. முதலாளியின் காலத்துக்குப் பிறகு, அந்தக் கான்டெஸா மலிவு விலையில் டிரைவருக்கே வந்து சேர்ந்தது.

அதனால்தான் சீல் கார் படத்தைப் பார்த்து மற்றவர்கள் துள்ளியபோது அவர் நிதானமாகச் சொன்னார்: "படத்தைப் பாத்து மயங்காதீங்கடே. நம்ம ரோட்டுக்கு வரட்டும். ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

நிதானம் வாயில்தான். வீட்டில் அவர் மகளிடம் தினமும் ஒரு தடவையாவது கேட்பார்: "தேதி போட்டுட்டானா?"

*முத்துக்குளித்துறை சொன்ன பாடம்*

அவர் அப்படித் துடிப்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது அவருடைய அப்பா.

அப்பா முத்துக்குளிக்கும் தோணிகளில் போனவர். முத்துக்குளித்தல் வருஷா வருஷம் நடக்கும் வேலை இல்லை. கடலுக்கு அடியில் சிப்பிகள் படிந்திருக்கும் திட்டுகளுக்கு 'பார்' என்று பெயர். அதிகாரிகள் பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அதில் இருக்கும் முத்துக்கு என்ன மதிப்பு என்று பார்ப்பார்கள். தேறும் என்றால்தான் அறிவிப்பு வரும். அறிவிப்பு வந்துவிட்டால் கரை திருவிழாவாகிவிடும். தள்ளிப்போட்டால் சிப்பியின் ஆயுள் முடிந்துவிடும். முத்து கடலோடு போய்விடும்.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். அப்போது அண்ணாச்சிக்கு நான்கு வயது. அது கடைசி என்று யாருக்கும் தெரியாது. அடுத்த அறிவிப்பு அடுத்த வருஷம் வரும், அதற்கடுத்த வருஷம் வரும் என்று அப்பா காத்திருந்தார். மூச்சடக்கும் வயது போனது, தோணி போனது. "பார் தேறிட்டாம்லா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தவர், அந்தக் கேள்வியோடே போய்ச் சேர்ந்தார்.

அண்ணாச்சியின் டிரைவிங் லைசென்ஸ் 2024 ஏப்ரலோடு முடிகிறது. புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. இரவில் எதிரே வரும் லாரி வெளிச்சம் பூப்பூவாகத் தெரிந்தது. அவர் இருட்டில் வண்டி எடுப்பதை நிறுத்திவிட்டார். ஆனால், ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"ஏங்க, கண்ண காட்டிட்டு வந்துருவோமா?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "கார் வரட்டும்."

இருபத்து நான்கு வயது மகளுக்குக் கார் ஆறு மாதம் தள்ளிப்போனால் அது ஒரு செய்தி. அவருக்கு அப்படி இல்லை.

2023 தீபாவளி வந்தது. கார் வரவில்லை.

*கான்டெஸாவைக் கொண்டுபோன தண்ணீர்*

மழை வந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளை தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி நகரத் தெருக்களில் படகு போனது. அண்ணாச்சியின் வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். மூன்று பேரும் பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு ராத்திரி இருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் ஷெட் தெரியும். முதல் நாள் பானெட் தெரிந்தது. இரண்டாம் நாள் கூரை மட்டும் தெரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் வந்து பார்த்தார். என்ஜினுக்குள் சேறு, சீட்டெல்லாம் ஊறிப்போயிருந்தது, ஒயரிங் முழுக்கப் போய்விட்டது. பழைய கான்டெஸாவுக்கு உதிரி பாகம் தேடுவதே பெரிய பாடு. செலவைக் கூட்டினால் வண்டியின் மதிப்பைவிட அதிகம். வீட்டுச் சுவருக்குப் பூச்சும், பிரிட்ஜும், கட்டிலும் அதைவிட முக்கியமாக இருந்தன.

ஜனவரியில் ஒரு லாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. அவர் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. வாங்கியவரும் கேட்கவில்லை. மகள் அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி டீக்கடைக்கு நடந்து வந்தார். அன்று யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

*41 லட்சம்!*

பிப்ரவரி கடைசியில் ஊரில் கார் பேச்சு திரும்பவும் சூடானது. 25-ம் தேதி, சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்ட்டின் எலெக்ட்ரிக் கார் தொழிற்சாலைக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 400 ஏக்கர். உப்புக்கும் மீனுக்கும் முத்துக்கும் பெயர் பெற்ற ஊரில் கார்! அடுத்த ஒன்பதே நாளில், மார்ச் 5-ம் தேதி, பி.ஒய்.டி சீல் இந்தியாவில் அறிமுகமானது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆனாலும், மாலையில் டீக்கடையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு விலை சொன்னார்கள். மகள் போனைப் பார்த்துப் படித்தார். தொடக்க விலை 41 லட்சம் ரூபாய், எக்ஸ்-ஷோரூம். பின்சக்கர இயக்கத்திலேயே பெரிய பேட்டரி உள்ளது 45.55 லட்சம். நான்கு சக்கர இயக்கம் 53 லட்சம். முன்பதிவுக்கு மட்டும் 1.25 லட்சம்.

கொஞ்ச நேரம் டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த முன்பதிவுக் காசுல நம்ம ஒரு பைக்கே வாங்கிரலாமே..." என்றார் லாரி புரோக்கர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் காரை வாங்கப்போகிறவர் யாரும் இல்லை என்பது முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். தேர் நமக்குச் சொந்தமில்லை என்று யாரும் தேர் பார்க்கப் போகாமல் இருப்பதில்லையே!

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது மகளிடம் கேட்டார்: "ஓட்டிப் பாக்கக் காசு வாங்குவானாம்மா?"

"இல்லப்பா. லைசென்ஸ் இருந்தா போதும்."

"அப்போ மொதல்ல கண்ணப் பாப்போம்."

மனைவி ஒரு வருஷமாகக் கெஞ்சி நடக்காதது, அந்த ஒரு வாக்கியத்தில் நடந்தது. மார்ச் மாதமே புரை நீக்கும் ஆபரேஷன். ஓய்வு முடிந்து, டாக்டர் சான்றிதழ் வாங்கி, லைசென்ஸைப் புதுப்பித்தார்கள். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து வருஷத்துக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள். அவருடைய கார்டில் 2029 என்று இருந்தது.

*பின் சீட்*

மே மாதம் அப்பாவும் மகளும் சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினார்கள். ஷோரூம் வாசலில் அண்ணாச்சி ஒரு நிமிடம் தயங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். ஆனாலும் டிரைவராக அந்த மாதிரி வாசல்களில் வெளியே நின்றுதான் அவருக்குப் பழக்கம்.

உள்ளே இருந்த பையன் தண்ணீர் கொடுத்து, காரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். ஒரு சார்ஜில் 650 கிலோமீட்டர் என்கிறது கம்பெனி, 100 கிலோமீட்டர் வேகத்தை 5.9 விநாடியில் தொடும் என்றெல்லாம் அடுக்கினான். அண்ணாச்சி அவன் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"தம்பி, மொதல்லயே சொல்லிருதேன். நாங்க வாங்க மாட்டோம். நாப்பது வருசமா வண்டி ஓட்டுனேன். இதையும் ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்னு வந்தேன். முடியாதுன்னா சொல்லிருப்பா, தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அந்தப் பையன் ஒரு நொடி அவரைப் பார்த்தான். பிறகு சாவி கார்டை எடுத்து நீட்டினான். "வாங்க சார், போலாம்."

கியர் கம்பி இல்லை. என்ஜின் சத்தம் இல்லை. முதல் சிக்னல் வரை மாட்டு வண்டி போலத்தான் ஓட்டினார். ரோடு கொஞ்சம் காலியானதும் மெதுவாக மிதித்தார். முதுகில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. அவருக்குத் தெரிந்த கைதான் அது. ஆனால், இவ்வளவு பலமாக அது தள்ளியதே இல்லை. யூ-டர்னில் ஸ்டீயரிங் தண்ணீரில் துடுப்பு திரும்புவது போலத் திரும்பியது.

"எப்படிப்பா இருக்கு?"

"உடம்பும் புதுசு... உசுரும் புதுசு" என்றார்.

பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். "இனி நீ ஓட்டும்மா." ஷோரூம் பையன் முன் சீட்டில் இருந்ததால், அவர் பின் கதவைத் திறந்தார். உட்கார்ந்தவர் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கொஞ்ச நேரம் அசைந்தார். நடுவில் மேடு இல்லை. சீட்டில் சாய்ந்தார். நாற்பது வருஷம் அவருடைய இடம் முன் சீட்டின் வலது பக்கம்தான். பின் சீட் முதலாளிகளுக்கு, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு, மாப்பிள்ளை அழைப்புகளுக்கு. ஒரு செடானின் பின் சீட்டில் உட்கார்ந்து ஊர் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் முறை.

மகள் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். மகள் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார். ஷோரூமுக்குத் திரும்பும்போது அந்தப் பையன், "நெக்ஸ்ட் லெஃப்ட் மேடம்... இல்ல, இன்னொரு ரவுண்டு போலாம், பரவாயில்ல" என்றான்.

*இப்போது என்ன காத்திருப்பு?*

2025 ஆகஸ்ட் 4-ம் தேதி வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மறுநாள் பனிமய மாதா திருவிழா. ஆண்டுக்கு 50,000 கார்களில் தொடங்கி, 1.5 லட்சம் வரை போகலாம் என்பது திட்டம். செப்டம்பர் 6-ம் தேதி வி.எஃப் 6, வி.எஃப் 7 என்ற இரண்டு மாடல்கள் விற்பனைக்கு வந்தன. 16.49 லட்சத்தில் விலை தொடங்கியது. இரண்டுமே எஸ்.யூ.வி. வி.எஃப் 6 முன்சக்கர இயக்கம். வி.எஃப் 7-ன் உச்ச மாடலில் மட்டும் நான்கு சக்கர இயக்கம்.

இதற்கிடையே 2024 நவம்பரில் மஹிந்திரா பி.இ 6 காரைச் சென்னையில் அறிமுகம் செய்தது. பின்சக்கர இயக்கம், 18.90 லட்சத்தில் தொடக்கம். தூரத்தில் இருந்த விஷயம் பாதி தூரம் இறங்கி வந்துவிட்டது. ஆனால், அதுவும் செடான் இல்லை.

டீக்கடையில் இப்போது கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது. நம்ம ஊரிலேயே கார் தயாராகிறது. அதிலிருந்து ஒரு பின்சக்கர செடான் எப்போது வரும்? அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. ஆனால், மகள் ஒரு தகவலைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார். வின்ஃபாஸ்ட் 2018-ல் பாரிஸ் மோட்டார் ஷோவில் உலகத்துக்குக் காட்டிய முதல் செடான் லக்ஸ் ஏ2.0. பி.எம்.டபிள்யூ தொழில்நுட்பத்தில் உருவான அந்த பெட்ரோல் கார், பின்சக்கர இயக்கம்! பிறகு நிறுவனம் முழுக்க எலெக்ட்ரிக்குக்கு மாறியதால் அது நின்றுபோனது. "ரத்தத்துல இருக்குலா... வராமலா போகும்?" என்கிறார் உப்பு வியாபாரியின் மகன்.

அண்ணாச்சி இப்போதும் நடந்துதான் வருகிறார். சில்லாநத்தம் பக்கமிருந்து டிரெய்லரில் புது கார்கள் போனால் நின்று பார்க்கிறார். கூரை உயரமாக இருந்தால் நடையைத் தொடர்கிறார்.

"அண்ணாச்சி, இந்த செடான் எல்லாம் நடக்கிற காரியமா? நீங்களும் எத்தன வருசம்தான் காத்துக்கிடப்பீங்க?" என்று போன ஞாயிறு ஒரு பையன் கேட்டான்.

அவர் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸ் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். "எங்கப்பாவுக்குத் தேதி போட்டு யாரும் கார்டு குடுக்கல. எனக்கு 2029 வரைக்கும் போட்டிருக்கு பாத்துக்கோ. அதுக்குள்ள வந்தா, முன் சீட்டுல உக்காருவேன்."

"வரலேன்னா?"

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த மகளைக் காட்டினார்.

"இவ லைசென்ஸ் இன்னும் ரொம்ப வருசம் இருக்குடே. நான் பின் சீட்டுல இருந்துக்கிடுவேன்."